மூன்றாம் ஓலைக்கு முன்

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
20 ஆகஸ்ட் 2023

யானம் வருவாய் அலுவலகத்தைத் தன் இரண்டு தோள்களில் (தோள்கள் என்றா சொன்னேன், குன்றுகள்) தாங்கி நிற்கும் மருமகன் மார்ட்டினுக்கு, கோட்டு சூட்டுகளின் சக்கரவர்த்தியும் உன் அம்மாவின் ஒரே தம்பியுமான அமலநாதன் மாமா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை வேளாங்கண்ணியும் சுகம். உன் சுகத்தையும் உன் தொந்தியின் சுகத்தையும் தனித்தனியாக எழுது. இரண்டும் ஒரே ஆள் என்று இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

கைப்பேசி இருக்கக் காகிதம் எதற்கு என்பாய். என் கைப்பேசி உன் அத்தையின் கையில். ஸ்பீக்கரில் போட்டால்தான் என் காதுக்கு எட்டும், எனக்கு எட்டினால் தெருவுக்கே எட்டும். நீயோ அங்கே நம்ம ஊர் நெடுமாறனோடு ஒரே அறையில் கிடக்கிறாய். கல்யாணம் நிச்சயமான பையனுக்கு மாமனிடம் கேட்க ஆயிரம் இருக்கும். கடிதத்தைக் கடை விலாசத்துக்குப் போடு. அத்தை கடைக்குள் ஓரம் மடித்து எம்மிங் போடவும் காஜா எடுக்கவும் வருவாளே தவிர, தபால் பார்க்க வரமாட்டாள்.

மாதா திருநாளன்று நடந்த உன் நிச்சயத்தைப் புதுச்சேரி நூறு வருடம் மறக்காது. நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோது அந்தப் பெஞ்சு தன் ஆத்துமத்தைச் சர்வேசுரனிடம் ஒப்படைத்ததை என் காதால் கேட்டேன். பிரிஸ்கில்லா கணக்கு டீச்சர் அல்லவா, உன்னைப் பார்த்ததும் மனதுக்குள் பெருக்கல் போட்டிருப்பாள். ஆனாலும் சிரித்தாள். நல்ல சிரிப்பு. அத்தைதான் நிச்சயத் தட்டு எடுக்கவில்லை. முழங்கால் வலி என்று ஓரமாக நின்றுவிட்டாள்.

பிப்ரவரி ஏழு கல்யாணம். கோட்டு என் கையால். மார்பு, இடுப்பு அளவு எழுது. குறைத்து எழுதினால் பீடத்தின் முன்னால் பொத்தான் தெறித்துச் சாமியாரின் நெற்றியில் படும். அந்தப் பாவம் என்னைச் சேராது.

தேவதாய் உன்னையும் உன் நாற்காலிகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
கோட்டுச் சக்கரவர்த்தி அமலநாதன்

*

யானம்
3 செப்டம்பர் 2023

அன்புள்ள மாமாவுக்கு, மார்ட்டின் எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் அத்தை சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

மார்பு ஐம்பது. இடுப்பு ஐம்பத்திரண்டு. நெடுமாறனிடம் டேப்பைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அவன் குளிக்கப் போனபோது நானே எடுத்தேன், அதனால் ஓர் அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம். எடை நூற்று இருபத்தாறு.

பிரிஸ்கில்லா தினமும் ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறாள். நான் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி போனை வைத்துக்கொள்கிறேன். நேற்று, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, முழுசா பாக்கணும்" என்றாள். நெட் இல்லை என்று அணைத்துவிட்டேன். நெட் இருந்தது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆனபோது நீங்கள் எவ்வளவு எடை? பயமாக இருந்ததா?

அன்புடன்,
மார்ட்டின்

*

நெல்லித்தோப்பு
12 செப்டம்பர் 2023

நெட் இல்லாத மாவீரன் மார்ட்டினுக்கு ஆசீர்வாதம். இருவரும் சுகம். அத்தை வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய் நேற்றுத்தான் திரும்பினாள். உனக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாளாம்.

பயமா? எனக்கா? கேள்வியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் வைத்திக்குப்பத்தில் கரையேற்றியிருந்த படகுகள் கடலுக்குத் திரும்பிவிட்டன.

1998இல் என் கல்யாணத்துக்கு முதல் வாரம் பெரிய மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். நூற்றுப் பதினெட்டு. மூட்டைக்காரர்கள் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை உன் மாமா சிங்கம். கட்டில் மாற்றிய கணக்கைத் தச்சனிடம் கேட்டுப் பார், மூன்று என்பான். உன் அத்தை முகத்தில் எப்போதாவது குறை பார்த்திருக்கிறாயா? பெரிய உடம்புக்குள் பெரிய ராஜா உட்கார்ந்திருக்கிறான். ஒல்லிப்பிச்சான்களின் பேச்சைக் கேட்காதே.

உன் அளவுக்கு மூன்றரை மீட்டர் துணி போதாது, நாலரை எடுத்திருக்கிறேன். மிச்சம் விழுந்தால் பாரதி பூங்காவுக்கு ஒரு கூடாரம் தைத்துக் கொடுக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு. இரண்டு வேளைக்கு ஒரே வேளையில் சாப்பிடாதே.

இப்படிக்கு,
பயமறியாத அமலநாதன்

*

யானம்
22 அக்டோபர் 2023

அன்புள்ள மாமாவுக்கு. நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

குறட்டைக்காகக் காக்கிநாடாவில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். வாயால் சொல்ல முடியவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைத்தேன். காலையில் கண் விழிக்கும்போது ஆண்பிள்ளை உடம்பு தானாக எழுந்துகொள்ளுமே மாமா, அது எனக்கு நின்று ஒன்பது மாதம் ஆகிறது. மனதில் ஆசை இருக்கிறது. பிரிஸ்கில்லாவின் குரலைக் கேட்டாலே இருக்கிறது. உடம்புதான் பதில் சொல்லவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஆண் சுரப்பு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. கொழுப்பு அதைத் தின்றுவிடுமாம். எடை குறைத்தால் திரும்பி வர வாய்ப்பு உண்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். கல்யாணத்துக்கு மூன்றரை மாதம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய பயம் வேறு. கல்யாண ஆயத்த வகுப்பில் சாமியார் கொடுத்த புத்தகத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். திருமணத் தடைகள் என்று ஒரு பக்கம். ஆண்மை இல்லாமையும் ஒரு தடை என்று போட்டிருக்கிறது. தடை இருந்தால் கல்யாணமே செல்லாதாம். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை படிப்பார்களே, இவர்களுக்குள் தடை இருப்பதாக அறிந்தவர் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று. அறிந்தவன் நான்தான் மாமா. சொன்னால் ஊர் முழுக்க நாறும். சொல்லாவிட்டால் அவளை ஏமாற்றிக் கோயிலுக்குள் கூட்டிப் போகிறவன் ஆவேன்.

பீடத்திலிருந்து சாமியார் என் பெயரைப் படித்து, தடை என்று சத்தமாகச் சொல்கிற மாதிரி கனவு வருகிறது. மூச்சு நின்று விழித்துக்கொள்கிறேன். கனவால் நின்றதா உடம்பால் நின்றதா என்று தெரிவதில்லை.

என்ன செய்யட்டும்?

மார்ட்டின்

*

நெல்லித்தோப்பு
31 அக்டோபர் 2023

என் கண்ணான மருமகனுக்கு. இருவரும் சுகம். கடிதத்தைக் கிழித்து, கிழித்ததை எரித்து, எரித்த சாம்பலை உப்பாற்றில் கரைத்துவிட்டேன்.

மடையா. டாக்டர் என்றால் பயமுறுத்தத்தான் செய்வார், அதற்குத்தானே படித்தார். யானையைப் பார். அது எந்த டாக்டரிடம் எடை குறைத்தது? அதற்கு வம்சம் அற்றுப்போயிற்றா? திமிங்கிலம் கடலுக்குள் குடும்பம் நடத்தவில்லையா? இத்தனை ஜீவன்களைப் படைத்த சர்வேசுரன் உன் ஒருவன் விஷயத்தில் மட்டும் கணக்குத் தப்பிவிட்டாரா?

சாமியாரிடம் போய் நிற்காதே. கோயில் கூரை ஒழுகுகிற கவலையே அவருக்குத் தலைக்கு மேல் இருக்கிறது. பிரிஸ்கில்லாவிடம் மூச்சு விடாதே. கல்யாணம் ஆகட்டும், தாலி கட்டின மறுநாளே எல்லாம் தானாகச் சரியாகிவிடும். பெண்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு தமாஷ் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இதற்கு நானே சாட்சி. இருபத்தைந்து வருட சாட்சி.

கோட்டுக்கு இன்று கத்தரி போட்டேன். எட்டு இடத்தில் சாக்பீஸ் கோடு அழிந்து மறுபடி போட வேண்டியிருந்தது. கண் மங்குகிறது போல.

மாமா

*

யானம்
10 டிசம்பர் 2023

அன்புள்ள மாமாவுக்கு. நீங்களும் அத்தையும் சுகமா? இங்கே புயல் மழை விட்டு இப்போதுதான் வெயில் தெரிகிறது.

ஆறு கிலோ குறைத்திருக்கிறேன். ராத்திரி சோற்றை விட்டேன். கோதாவரிக் கரையில் தினமும் நடக்கிறேன். உடம்பு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்துத் தைரியப்படுத்திக்கொள்கிறேன். என்னைவிடப் பெரிய உடம்பு, இருபத்தைந்து வருடக் குடும்பம், ஒரு நாளும் முகம் சுளிக்காத அத்தை. உங்களுக்கு முடிந்தது எனக்கும் முடியும் என்று யாரிடமும் சொல்லாமல் இருக்கிறேன்.

நிச்சயத்தன்று அத்தை தட்டை எடுக்கக் கை நீட்டினார். அம்மா, "நீ வேணாம், புள்ள பெத்தவ எடுக்கட்டும்" என்று அடிக்குரலில் சொன்னதை நான் கேட்டேன். முழங்கால் வலி இல்லை மாமா.

யானைக்கு வம்சம் இருக்கிறது. கேட்கக் கூடாததுதான், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அத்தைக்கும் ஏன் குழந்தை இல்லை?

மார்ட்டின்

*

நெல்லித்தோப்பு
8 ஜனவரி 2024

மார்ட்டினுக்குப் புத்தாண்டு ஆசீர்வாதம். சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன். தாமதத்துக்குக் காரணம் கிறிஸ்துமஸ். புதுச்சேரியின் பாதி ஆண்கள் என் கையால் அளவெடுக்கப்படாமல் பாலனைத் தொழுவதில்லை என்று விரதம் பூண்டிருக்கிறார்கள்.

நேற்று முதல் ஓலை படித்தார்கள். உன் பெயர் வந்ததும் கோயில் தூண்கள் நிமிர்ந்து நின்றன. தடை அறிந்தவர் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில் எனக்கு ஒரு பெரிய தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன். தும்மியிருந்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வங்கக் கடலில் கிடந்திருக்கும்.

உன் போன கடிதம் மழையில் நனைந்து ஒரு பக்கம் அழிந்து வந்தது. அதில் என்ன கேட்டிருந்தாயோ தெரியவில்லை. கோட்டு முடிகிற நிலையில் இருக்கிறது. பொங்கல் முடிந்து நெடுமாறன் திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன், போட்டுப் பார்.

மாமா

*

யானம்
12 ஜனவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு. சுகம். பொங்கலுக்கு ஊர் வரும் நெடுமாறனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு லீவு இல்லை.

போன கடிதத்தில் நான் எழுதியதே ஒரு பக்கம்தான். அது அழிந்திருந்தால் நீங்கள் படித்தது எதை?

ஞாயிறு இரண்டாம் ஓலை. இருபத்தொன்று மூன்றாவது. அதற்குப் பிறகு வாய் திறக்க எனக்கு இடமில்லை. பிரிஸ்கில்லா இப்போதெல்லாம் வீடியோவில் கூப்பிடுவதில்லை. குட் மார்னிங் மட்டும் அனுப்புகிறாள்.

நீங்கள் எழுதியதெல்லாம் உண்மைதானே? 'ஆம்' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்புங்கள். எழுதினால் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வந்து தாலி கட்டுகிறேன். உங்களைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் மாமா.

மார்ட்டின்

*

நெல்லித்தோப்பு
15 ஜனவரி 2024

மார்ட்டினுக்கு.

நான் சுகமில்லை. இருபத்தாறு வருடமாகச் சுகமில்லை. 'ஆம்' என்று எழுதக் காகிதம் எடுத்தேன். எழுத வரவில்லை.

நேற்று இரண்டாம் ஓலை படித்தார்கள். பூசை முடிந்து பிரிஸ்கில்லா தன் தம்பி கோட்டைச் சிறிதாக்க வேண்டும் என்று கடைக்கு வந்தாள். கோட்டு ஒரு சாக்கு. கொஞ்ச நேரம் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றவள், என்னைப் பார்க்காமலே கேட்டாள். "மாமா, நான் அவருக்கு அழகா இல்லையா? என்னைப் பாத்தாலே போனை வச்சிடறாரு. எங்கிட்ட என்ன கொற?"

எனக்கு ஒரு தமாஷ்கூட வரவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்வி என் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. 1998இல், இதே கடையில், இதே இடத்தில் நின்று உன் அத்தை கேட்டாள். அன்றைக்கு நான் ஒரு தமாஷ் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு அவள் கேட்கவே இல்லை.

கல்யாணமான முதல் நாள் அவள்மேல் கை போட்டேன். அவள் மூச்சை இழுத்து, "அப்பா, கனமா இருக்கு" என்றாள். கையை எடுத்துவிட்டேன். நூற்றுப் பதினெட்டு கிலோ என் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இவளை நசுக்கிவிடுவேன், பாதியில் நெஞ்சு நின்று இவள்மேலேயே செத்துக் கிடப்பேன், என் வயிறு தொங்குவதைப் பார்த்து அருவருப்பாள், எல்லாப் பயமும் ஒன்றாக வந்தது. பயம் வந்த இடத்தில் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. நாங்கள் கணவன் மனைவியாக இருந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அதுவும் பாதியில் மூச்சு வாங்கி நான் எழுந்து உட்கார்ந்த நாட்கள். பிறகு தீபாவளி ஆர்டர் என்றேன், கிறிஸ்துமஸ் ஆர்டர் என்றேன். கடையில் வெட்டுமேசை மேல் படுக்க ஆரம்பித்தேன். இன்றுவரை அதன் மேல்தான் படுக்கிறேன். மூன்று கட்டில் உடைந்த கதை பொய். கட்டில் அப்படியே இருக்கிறது.

டாக்டரிடம் அவள் தனியாகப் போனாள். அவளுக்கு ஒன்றுமில்லை, புருஷனைக் கூட்டி வா என்றார்கள். நான் போகவில்லை. உன் அம்மா அவளை மலடி என்றாள். நான் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஒவ்வொரு செப்டம்பரும் பிள்ளைவரம் கேட்டு அவள் வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுவாள். அந்தத் தொட்டிலுக்கு மஞ்சள் துணியை அளவாக வெட்டி, ஓரம் அடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? நான். எதனால் குழந்தை வராது என்று தெரிந்த ஒரே ஆள். பதினாறு தொட்டில் தைத்தேன் மார்ட்டின். பிறகு அவளே நிறுத்திவிட்டாள்.

உனக்கு உள்ளது தடையா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சாமியாரைக் கேள், டாக்டரைக் கேள். அந்தப் பெண்ணிடம் மூன்றாம் ஓலைக்கு முன் சொல்லிவிடு. அவள் போனால் போகட்டும். போகாமல் பக்கத்திலேயே இருந்துகொண்டு, தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டே கிழவியாகிறவளை நீ பார்த்ததில்லை. நான் தினமும் பார்க்கிறேன்.

இதை உன் அத்தையிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் இல்லை. பொங்கலுக்குத் தபால் இல்லை. கோட்டு எம்மிங் முடிந்துவிட்டது, இனி அத்தை அதைத் தொட வேலையில்லை. உள் பையில் வைத்து அனுப்புகிறேன்.

அமலநாதன்

*

நெல்லித்தோப்பு
16 ஜனவரி 2024

மார்ட்டின் கண்ணுக்கு, அத்தை எழுதுவது. சுகமா இருக்கியாப்பா. நான் சுகம்.

உங்க மாமா தைக்கிற ஒவ்வொரு மாப்பிள்ளை கோட்டிலும், மடிச்சுப் பெட்டியில் வைக்கிறதுக்கு முன்னால் உள் பையில் காசளவு ஒரு மாதா சுரூபம் போட்டுவிடுவேன். இருபத்தாறு வருஷமா போடுறேன். அவருக்குத் தெரியாது. நான் போட்ட பிறகு அவர் அந்தப் பையைத் திறந்து பார்த்ததே இல்லை. உனக்குப் போடப் போனேன். கடிதம் இருந்தது. என் பேர் கண்ணில் பட்டது, படித்துவிட்டேன்.

கனமா இருக்குன்னு நான் சொன்னது நிஜம்தான். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். எடுங்கன்னு நான் சொல்லவே இல்லை. ஏன் எடுத்தார் என்று இத்தனை வருஷமும் தெரியாமல் இருந்தேன். என்மேல் ஏதோ வாடை வருதோ என்று நினைத்து ஒரு நாளைக்கு மூணு தடவை குளிப்பேன்.

நான் படித்தது அவருக்குத் தெரிய வேணாம். நானே பார்த்துக்கிறேன். கடிதத்தை இருந்த மாதிரியே வைத்திருக்கிறேன். சுரூபமும் இருக்கு. அந்தப் பொண்ணிடம் சொல்லிவிடு சாமி. போனில் சொல்லு, ஆனால் முகம் காட்டிச் சொல்லு.

அத்தை

*

யானம்
22 ஜனவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். வழக்கமாக எழுதுவது இல்லை இது, நிஜமாகவே வேண்டுகிறேன்.

வியாழக்கிழமை கோட்டு வந்தது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நானே வீடியோவில் கூப்பிட்டேன். போனை மேசையில் நிறுத்திவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றேன். எல்லாம் சொன்னேன், துண்டுச் சீட்டு உட்பட. அவள் முழுசாகக் கேட்டாள். கடைசியில், "நான் யோசிக்கணும்" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு விழுந்த பயம் எனக்கு இன்னும் முழுசாக எழுந்து போகவில்லை.

சனிக்கிழமை அவளும் அவள் அம்மாவும் சாமியாரிடம் போயிருக்கிறார்கள். தீராதது, நிரந்தரமானது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் தடையாம். வைத்தியத்துக்கு வழி உள்ளது தடையே இல்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் அடுத்த வரியே அதுதான் மாமா. பயத்தில் அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

பிறகு அவள் கூப்பிட்டாள். "மூணாவது ஓலை இப்ப வேணாம். ஈஸ்டர் கழிச்சு முதல்லேருந்து படிக்கட்டும். அதுவரைக்கும் நீங்க வைத்தியம் பாருங்க. ரிப்போர்ட்டெல்லாம் எனக்கும் அனுப்புங்க, நம்பர் பாக்க எனக்குத் தெரியும்" என்றாள். சம்மதமா என்று கேட்டேன். "தெரியல. ஆனா நீங்க இனிமே கேமராவ மேல தூக்காதீங்க" என்றாள்.

நேற்று மூன்றாம் ஓலை படிக்கவில்லை. அம்மா போனில் அழுதார். பெண்ணிடம்தான் ஏதோ கோளாறு என்று தெருவில் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். கோளாறு எனக்குத்தான் என்று சொன்னேன். "போடா, ஒங்க மாமன் ஒன்னவிட குண்டு. அவனுக்கு என்ன கொற? வந்தவ மலடா போனா அவன் என்ன பண்ணுவான்" என்றார்.

போனை வைத்துவிட்டேன். அதற்கான பதில் என்னுடையது இல்லை.

மார்ட்டின்

*

நெல்லித்தோப்பு
15 ஏப்ரல் 2024

மார்ட்டினுக்கு ஆசீர்வாதம். அத்தை சுகம். நான் நூற்று முப்பத்தெட்டிலிருந்து நூற்று முப்பத்திரண்டு. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சொன்னால் பொய்யாகிவிடும். பயம்தான்.

தேர்தல் வேலையில் உனக்கு லீவு கிடைக்கவில்லை. ஈஸ்டர் அன்று உங்கள் வீட்டில் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும். உன் ரிப்போர்ட்டெல்லாம் பார்த்துப் பிரிஸ்கில்லா சம்மதம் சொல்லிவிட்டாள் என்று அவள் வீட்டார் மறுபடி தேதி குறிக்க வந்திருந்தார்கள். மே பதினைந்து. பூத்தட்டு எடுக்க வேண்டிய நேரத்தில் உன் அம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். உன் அத்தை தானாகவே சுவரோரம் நகர்ந்தாள். பழக்கம்.

நான் எழுந்து நின்றேன். "அக்கா, தட்ட இவகிட்ட குடு. புள்ள இல்லாதது என்னாலதான், இவளால இல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா ஆரம்பித்துவிட்டார் என்று யாரோ கை தட்டினார்கள். மறுபடி சொன்னேன். உன் அம்மா, "பேசாம ஒக்காருடா, சம்பந்தி முன்னாடி தமாஷு" என்றாள். ஊரெல்லாம் வருடக்கணக்காகப் படகையும் யானையையும் அவிழ்த்து விட்டவன் நான், மார்ட்டின். உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்றாவது தடவை சுவரோரம் போய் உன் அத்தை பக்கத்தில் நின்று சொன்னேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. என் ஓலையையும் மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது.

உன் அம்மா தட்டைக் கொடுக்கவில்லை. கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரிஸ்கில்லாதான் எழுந்து வந்து தட்டை எடுத்து உன் அத்தை கையில் வைத்தாள். வீட்டுக்கு நடக்கும்போது அத்தை ஒன்றுதான் சொன்னாள். "கோட்டுப் பையிலயே படிச்சிட்டேன். வாயால சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." மூன்று மாதம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

நேற்று உங்கள் முதல் ஓலை மறுபடி படித்தார்கள். பூசை முடிந்து சாப்பிட்டதும் கடைக்குக் கிளம்பினேன். அங்கே வெட்டுமேசை மேல் அத்தை துணிமூட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள், படுக்க இடமில்லை. வீட்டுக்குத் திரும்பினால் கட்டிலுக்கு அடியில் நாலு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தாள். நல்ல வெயில் நேரம், ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. ஓரமாக, பாதி உடம்பைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு படுத்தேன். கட்டில் எப்போது முறியும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயதில், நூற்று முப்பத்திரண்டு கிலோவில், இவ்வளவு பயம் எந்த மடிப்புக்குள் ஒளிந்திருந்ததோ.

அவள் என் கையை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். கையை அந்தரத்தில் தாங்கிப் பிடித்தபடி கேட்டேன், கனமா இருக்கா என்று.

"கனமாத்தான் இருக்கு. எடுக்காதீங்க" என்றாள்.

உன் கோட்டை அனுப்பி வை. இடுப்பில் ஆறு அங்குலம் பிடிக்க வேண்டும் என்று பிரிஸ்கில்லா கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

அமலநாதன்